கொண்டைக்கடலைக்கு அடியுரம்: டிஏபியா, சூப்பரா, காம்ப்ளக்ஸா, உயிர் உரம் மட்டும் போதுமா?

திருப்பூர் மாவட்டத்தில் உடுமலை, குடிமங்கலம் பக்கத்துக் கரிசல் காடுகளில் வடகிழக்குப் பருவமழையை நம்பிக் கொண்டைக்கடலை விதைக்கிறவர்கள் ஐப்பசி பிறந்ததும் கேட்கிற கேள்வி இது. விதைப்போடு போடுகிற அடியுரமாக டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) போடுவதா, சூப்பர் பாஸ்பேட் போடுவதா, 20:20 காம்ப்ளக்ஸ் போடுவதா? மூட்டை உரமே வேண்டாம், விதையோடு உயிர் உரம் (நுண்ணுயிர்ப் பொட்டலம்) கலந்து விட்டால் போதாதா என்று கேட்கிறவர்களும் இப்போது இருக்கிறார்கள்.

கடைக்காரர் சொல்கிற பதில் அன்றைக்குக் குடோனில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். பக்கத்துக் காட்டுக்காரர் சொல்கிற பதில் அவருடைய மண்ணுக்குப் பொருந்துவது; வரப்பு தாண்டினால் மண்ணே வேறாக இருக்கலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மானாவாரிக் கரிசலில், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கந்தகமும் குறைவாக இருக்கிற காட்டுக்குச் சூப்பர்தான் ஏற்றது. ஆனால் மணிச்சத்து ஏற்கெனவே நிறைந்திருக்கிற காடுகள் நாம் நினைப்பதைவிட அதிகம். அங்கே இந்த மூன்று மூட்டைகளில் எதை வாங்கினாலும் காசு வீண். உங்கள் காடு எந்த வகை என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

## எதை வைத்து முடிவெடுப்பது

### மண் நயம்

மணல், வண்டல், களி மூன்றும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதுதான் மண் நயம். மத்திய அரசின் மண்வள அட்டையில் 12 அளவுகள் இருக்கின்றன: கார அமில நிலை, உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்தும் திறன், கரிமச்சத்து, தழை (நைட்ரஜன்), மணி, சாம்பல் (பொட்டாசியம்), கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். மண் நயம் இந்தப் பன்னிரண்டில் இல்லை. ஆனால் அட்டையில் இருக்கிற எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்பதே மண் நயத்தைப் பொறுத்ததுதான்.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டியதில்லை. ஒரு கைப்பிடி மண்ணில் கல், வேர் நீக்கி, சிறிது சிறிதாகத் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். உருண்டையே பிடிக்க வரவில்லை என்றால் மணல். உருண்டை வந்தால், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடாவாகத் தள்ளுங்கள். ஓர் அங்குலத்துக்குள் ஒடிந்தால் இருமண். ஓர் அங்குலத்துக்கும் இரண்டு அங்குலத்துக்கும் இடையே ஒடிந்தால் களி கலந்த இருமண். இரண்டு அங்குலத்தைத் தாண்டியும் ஒடியாமல் நீண்டால் களிமண். நல்ல கரிசல் இந்தக் கடைசி வகையில்தான் வரும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிப்பதும் அந்தக் களியால்தான். நீரை உறிஞ்சினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும்.

கொண்டைக்கடலைக்கு இதனால் என்ன என்றால், பயிர் பெரும்பாலும் மண்ணில் தேங்கிய ஈரத்தையும் பனியையும் வைத்தே வளர்கிறது. களி அதிகமுள்ள மண் அந்த ஈரத்தைத் தை மாதம் வரை பிடித்து வைத்திருக்கும். சாம்பல் சத்தையும் பிடித்து வைத்திருக்கும். அதனால் கரிசல் காட்டு அட்டைகளில் சாம்பல் சத்து பெரும்பாலும் 'அதிகம்' என்றே வரும். மணிச்சத்தைச் சுண்ணாம்போடு கட்டிப்போட்டு வைப்பதும் இதே கரிசல்தான். செம்மண்ணான செவல் காட்டில் நிலைமை தலைகீழ். ஈரம் நிற்காது, கந்தகம் மழையோடு கீழே இறங்கிவிடும், சாம்பல் சத்தும் நடுத்தரமாகவோ குறைவாகவோ இருக்கும்.

இன்னொன்று: மணிச்சத்து களிமண்ணில் நகராது. மேலே தூவிய இடத்திலேயே நின்றுவிடும். மழை நின்ற பிறகு மானாவாரிக் கரிசலில் மேல்மண் இரண்டு மூன்று அங்குலம் விறுவிறுவென்று காய்ந்துவிடுகிறது. காய்ந்த மண்ணில் வேர் சத்தெடுக்காது. எந்த உரம் என்பதைவிட எவ்வளவு ஆழத்தில் விழுகிறது என்பது பல காடுகளில் பெரிய கேள்வி. கீழே நான்கு வழிகளையும் எடைபோடும்போது இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

### அட்டையில் பார்க்க வேண்டிய எண்கள்

மணிச்சத்து. நம் மாநிலத்து ஆய்வகங்கள் ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு, 11 முதல் 22 வரை நடுத்தரம், 22-க்கு மேல் அதிகம் என்று வகுக்கின்றன. முடிவை அதிகம் மாற்றப்போவது இந்த எண்தான்.

கந்தகம். 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் பத்துப் பங்கு) கீழே போனால் குறை. புரதம் நிறைந்த பயிர் என்பதால் பயறு வகைகளுக்குக் கந்தகம் இல்லாமல் ஆகாது. நம் உரக்கணக்கில் பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுதான்.

சாம்பல் சத்து. 118-க்குக் கீழே குறைவு, 280-க்கு மேல் அதிகம். 280-ஐத் தாண்டியிருந்தால் பொட்டாஷ் மூட்டை வாங்காதீர்கள்.

தழைச்சத்து, கரிமச்சத்து. இரண்டும் ஏறத்தாழ எல்லாக் காட்டிலும் 'குறைவு' என்றுதான் வரும். அதைப் பார்த்துப் பதற்றப்பட்டு யூரியாவைக் கூட்ட வேண்டாம். கொண்டைக்கடலை தனக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பங்கை வேர் முடிச்சுகளின் வழியாகக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். தொடக்கத்தில் அளவுக்கு மீறித் தழைச்சத்து கொடுத்தால் முடிச்சு கட்டுவதே தாமதமாகும். செடி பச்சையாக வளரும், காய் குறையும்.

மின் கடத்தும் திறன். கொண்டைக்கடலை உப்பைத் தாங்காத பயிர். இந்த எண் 1-ஐத் தாண்டியிருந்தால் எந்த அடியுரம் என்று யோசிப்பதற்கு முன்னால், இந்தக் காட்டுக்கு இந்தப் பயிர்தானா என்று யோசியுங்கள். வேர் மூன்றடி வரைகூட இறங்கக்கூடியது என்பதால், வழக்கமான அரையடி மாதிரியோடு ஒன்றிலிருந்து இரண்டு அடி ஆழத்திலும் தனியாக ஒரு மாதிரி எடுத்து உப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே எல்லாம் சரியாக இருந்து, கீழே உப்பு தேங்கிய கரிசல் காடுகள் உண்டு. பூக்கும் பருவத்தில் வேர் அங்கே போய்ச் சேரும்போதுதான் பயிர் திடீரென்று வாடும்.

மாதிரி எடுப்பதில் கவனம் வேண்டும். வரப்பு ஓரம், மரத்தடி, எருக்குமி கிடந்த இடம் மூன்றையும் தவிர்த்து, காட்டைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடங்களில் 'வி' வடிவக் குழி வெட்டி, அதன் சரிவிலிருந்து மண்ணைச் சீவி எடுத்து, ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை ஒதுக்கி ஒதுக்கி அரைக் கிலோவுக்குக் கொண்டு வாருங்கள். ஒரே சர்வே நம்பரில் கரிசலும் செவலும் இருந்தால் இரண்டு பைகளாகவே கொடுங்கள். கலந்து கொடுத்தால் வருகிற எண் இரண்டு மண்ணுக்கும் பொருந்தாது.

### எவ்வளவு சத்து வேண்டும்

பயறு வகைகளுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை மானாவாரியில் ஹெக்டேருக்குத் தழை 12.5, மணி 25, சாம்பல் 12.5, கந்தகம் 10 கிலோ. நீர் பாய்ச்சுகிற இறவையில் எல்லாமே இரண்டு மடங்கு. மானாவாரி ஏக்கர் ஒன்றுக்குக் கணக்கிட்டால் தழை 5, மணி 10, சாம்பல் 5, கந்தகம் 4 கிலோ. கீழே உள்ள அட்டவணை மணிச்சத்து 10 கிலோ வரும்படி போட்டது.

| ஏக்கருக்கு (மானாவாரி) | டிஏபி | சூப்பர் + யூரியா | 20:20:0:13 |
|---|---|---|---|
| வாங்க வேண்டியது | 22 கிலோ | 62.5 கிலோ + 11 கிலோ | 50 கிலோ |
| தழைச்சத்து (தேவை 5) | 4 கிலோ | 5 கிலோ | 10 கிலோ |
| மணிச்சத்து (தேவை 10) | 10 கிலோ | 10 கிலோ | 10 கிலோ |
| கந்தகம் (தேவை 4) | இல்லை | சுமார் 7 கிலோ | 6.5 கிலோ |
| சுண்ணாம்புச் சத்து | இல்லை | உண்டு | இல்லை |
| தூக்க வேண்டிய எடை | 22 கிலோ | 73.5 கிலோ | 50 கிலோ |

இந்த எண்கள் மண் பரிசோதனை செய்யாத காட்டுக்கான பொது அளவு. பரிசோதனை செய்தவர்கள் குறைவு, நடுத்தரம், அதிகம் என்பதைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம்.

## டிஏபி

மூட்டையில் தழை 18, மணி 46 சதவீதம். 50 கிலோ மூட்டை 1350 ரூபாய் என்று சில ஆண்டுகளாக நிற்கிறது. 22 கிலோவுக்கு ஏறத்தாழ 600 ரூபாய். ஒரு மூட்டை இரண்டேகால் ஏக்கருக்கு வரும். எடை குறைவு, குருணை சீராக இருக்கும், விதைப்புக் கருவியில் அடைக்காமல் இறங்கும். மழை நின்ற பிறகு ஈரம் போவதற்குள் நான்கைந்து ஏக்கரை ஒரே நாளில் டிராக்டர் வைத்து விதைக்கிறவருக்கு இந்த வசதி சாதாரணமானதல்ல. தழைச்சத்தும் தேவையான அளவுக்குள்ளேயே நிற்கிறது. தனியாக யூரியா வேண்டியதில்லை.

கண்ணுக்குத் தெரியாத செலவு கந்தகம். ஆண்டுக்கணக்கில் டிஏபி மட்டுமே போட்ட காடுகளில் மணிச்சத்து 'அதிகம்', கந்தகம் 'குறைவு' என்று அட்டை வருவதில் வியப்பில்லை. கந்தகத்துக்காக ஏக்கருக்கு 25 கிலோ ஜிப்சம் சேர்த்தால் கணக்கு சரியாகும். ஆனால் அந்த ஜிப்சத்துக்கும் வண்டி வாடகை, தூவும் கூலி உண்டு. எடை குறைவு என்ற லாபத்தில் பாதி அங்கேயே போய்விடும்.

இரண்டாவது செலவு தட்டுப்பாடு. நமக்கு விதைப்பு வருகிற ஐப்பசி, கார்த்திகையில்தான் நெல்லுக்கும் மக்காச்சோளத்துக்கும் எல்லோரும் டிஏபி தேடுகிறார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் சரக்கு இல்லாமல் தனியார் கடைக்குப் போனால், டிஏபியோடு வேறு ஏதாவது ஒரு புட்டியையும் சேர்த்து வாங்கச் சொல்வது பல ஊர்களில் நடக்கிறது. தேவையில்லாத அந்தப் புட்டியின் விலையும் டிஏபி கணக்கில்தான் சேரும். அப்படிக் கட்டாயப்படுத்தினால் வேளாண்மை அலுவலகத்தில் புகார் செய்யலாம். மூட்டையில் அச்சிட்ட விலைக்குப் பில் கேட்பது உங்கள் உரிமை.

மூன்றாவது, முளைப்பு. டிஏபி குருணை கரையும்போது அதைச் சுற்றியுள்ள இடம் காரமாகி அம்மோனியா வெளிவரும். நம் கரிசல் ஏற்கெனவே காரம். குருணையும் விதையும் ஒட்டி விழுந்தால் முளைக்குருத்து கருகும். உயிர் உரம் தடவிய விதையென்றால் அந்த நுண்ணுயிரும் சேர்ந்து சாகும். விதைக்கு இரண்டு அங்குலம் கீழேயோ பக்கத்திலோ விழுகிற கருவியாக இருந்தால்தான் டிஏபி பாதுகாப்பு. விதையும் உரமும் ஒரே குழாயில் கலந்து இறக்குகிற பழக்கம் உள்ளவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

எப்போது டிஏபி சரி: மணிச்சத்து 11-க்குக் கீழே, கந்தகம் 10-க்கு மேல் இருந்து, விதைக்கும் உரத்துக்கும் தனித்தனிக் குழாய் உள்ள கருவி கிடைக்கும்போது. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, வண்டி போகாத காடு என்றாலும் இதுவே நல்லது.

நானோ டிஏபி பற்றி ஒரு வார்த்தை. 500 மில்லி புட்டியில் மணிச்சத்து 16 சதவீதம் என்றால் மொத்தம் 80 கிராம். அடியுரமாக நமக்கு வேண்டியது 10 கிலோ. மணிச்சத்து குறைந்த மண்ணில் இந்தப் புட்டியை மூட்டைக்குப் பதிலாக வைத்துக் கணக்குப் போட எனக்கு எந்த வழியும் தெரியவில்லை.

## சூப்பர் பாஸ்பேட்டும் யூரியாவும்

சூப்பரில் மணிச்சத்து 16, கந்தகம் 11 சதவீதம், கூடவே ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து. ஒரே மூட்டையில் கொண்டைக்கடலைக்கு வேண்டிய இரண்டு முக்கியச் சத்தும் வந்துவிடுகின்றன. தழைச்சத்தை நாம் தனியாக அளந்து போடுவதால் கட்டுப்பாடு நம் கையில். கரிமச்சத்து நன்றாக இருக்கிற காட்டில், அல்லது முந்தின பயிருக்குக் கனமாக உரம் போட்டிருந்த காட்டில், அந்த 11 கிலோ யூரியாவையும் குறைத்துவிடலாம். டிஏபியிலும் காம்ப்ளக்ஸிலும் இந்த வசதி கிடையாது.

இதன் செலவு முழுக்க எடையில் இருக்கிறது. இறவைக் காட்டுக்கு ஏக்கருக்கு 125 கிலோ, அதாவது இரண்டரை மூட்டை. ஐந்து ஏக்கருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மூட்டை. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, காட்டுக்குள் சுமக்கிற ஆள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சூப்பர் மலிவு என்ற எண்ணம் சில ஊர்களில் மாறிவிடும். விலையும் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. அதனால் மூட்டை விலையை ஒப்பிடாமல் ஒரு கிலோ மணிச்சத்து என்ன விலை என்று ஒப்பிடுங்கள். 50 கிலோ சூப்பர் மூட்டையில் மணிச்சத்து 8 கிலோ, டிஏபி மூட்டையில் 23 கிலோ. விலையை இந்த எண்களால் வகுத்தால் போதும். அதன் பிறகு டிஏபி பக்கம் ஜிப்சத்தின் விலையையும் கூட்டிக்கொள்ளுங்கள். அப்போதுதான் நியாயமான ஒப்பீடு.

தூளா குருணையா என்பதும் முக்கியம். தூள் சூப்பர் ஈரக்காற்றில் கட்டிதட்டும், கருவியில் அடைக்கும். அடைத்தால் ஆள் இறங்கிக் கையால் தூவிவிட்டு உழுவார். உரம் மேல்மண்ணிலேயே கலந்து நின்றுவிடும். மேலே சொன்ன ஆழக் கணக்கு அங்கே தோற்றுவிடும். எனவே மானாவாரிக் கரிசலுக்குக் குருணை சூப்பர் மட்டுமே வாங்குங்கள். தூள்தான் கிடைக்கிறது என்றால் கடைசி உழவுக்கு முன்பே போட்டு, கலப்பை ஆழமாக உள்ளே தள்ளும்படி செய்யுங்கள். யூரியாவையும் இதோடு கலந்து ராத்திரி முழுக்க வைக்காதீர்கள்; சூப்பரும் யூரியாவும் கலந்தால் கசிந்து களியாகிவிடும். போடுகிற நேரத்தில் கலந்து உடனே போட்டுவிட வேண்டும்.

சூப்பர் அமிலத் தன்மை உடையது, அதனால் கார மண்ணைச் சரிசெய்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். சுண்ணாம்பு நிறைந்த கரிசலின் பலத்துக்கு முன்னால் ஏக்கருக்கு ஒன்றேகால் மூட்டை சூப்பர் எதையும் மாற்றாது. அதற்காக இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், கந்தகத்துக்காகத் தேர்ந்தெடுங்கள்.

எப்போது சூப்பர் சரி: மணிச்சத்தும் கந்தகமும் இரண்டுமே குறைவு என்கிற காட்டில் யோசிக்கவே வேண்டாம். செவல் காட்டில் இறவையில் விதைத்தாலும் இதுவே முதல் தேர்வு. அந்த மண்ணில் கந்தகம் நிற்பதில்லை. மண் பரிசோதனை செய்ய நேரமில்லாமல் போனவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் தவறினாலும் பயிருக்குக் கேடு வராத வழி இதுதான்.

## 20:20:0:13 காம்ப்ளக்ஸ்

நம் கொங்குப் பக்கத்தில் எந்தக் கடைக்குப் போனாலும் கிடைக்கிற மூட்டை. தழை 20, மணி 20 சதவீதம், சாம்பல் இல்லை. கந்தகம் 13 சதவீதம் இருப்பதால் பயறுக்கு நல்லது என்று சொல்லி விற்கிறார்கள். கந்தகம் பற்றிச் சொல்வது உண்மைதான். பிரச்சினை தழைச்சத்தில். மணிச்சத்து 10 கிலோ கிடைக்க 50 கிலோ போட்டால் தழைச்சத்தும் 10 கிலோ போய்விடுகிறது, தேவைக்கு இரட்டிப்பு. முன்பே சொன்னதுபோல் முடிச்சு தாமதமாகும். காற்றில் இலவசமாகக் கிடைக்கிற சத்தைக் காசு கொடுத்து வாங்கி, அந்த இலவசத்தையும் தடுத்துவிடுகிறோம். ஈரம் நன்றாக இருக்கிற ஆண்டில் செடி தழைத்து, அடர்ந்து, பூ கொட்டுவதும் காய்ப்புழு ஏறுவதும் கூடும்.

தழைச்சத்துக்கு ஏற்ப 25 கிலோவாகக் குறைத்தால் மணிச்சத்து 5 கிலோதான் வரும். மணிச்சத்து நடுத்தரமாக இருக்கிற மண்ணில் அது போதும். எனவே காம்ப்ளக்ஸ் மட்டும்தான் கடையில் இருக்கிறது என்றால், முழு மூட்டை போடாமல் ஏக்கருக்கு அரை மூட்டை என்று நிறுத்துங்கள்.

எப்போது காம்ப்ளக்ஸ் சரி: மணிச்சத்து நடுத்தரம், கந்தகம் குறைவு, கரிமச்சத்து மிகக் குறைந்த மணல் கலந்த செவல். அங்கே முடிச்சு கட்டுவதற்கு முன்னால் நாற்றுப் பருவத்தில் செடி வெளுக்கும். கொஞ்சம் கூடுதல் தழைச்சத்து உதவும். கனத்த கரிசலுக்கு இதை நான் கடைசியாகவே வைப்பேன்.

## மூட்டை இல்லாமல் உயிர் உரம் மட்டும்

இயற்கை விவசாயிகள் மட்டும் கேட்கிற கேள்வி அல்ல இது. மண்ணறிவியலும் ஓரளவு இவர்கள் பக்கம் இருக்கிறது. கொண்டைக்கடலையின் வேர் கரிம அமிலங்களைக் கசியவிடும். சுண்ணாம்போடு கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தை அந்த அமிலம் கரைத்துக் கொடுக்கிறது. பக்கத்துக் காட்டில் மக்காச்சோளத்துக்கு எட்டாத மணிச்சத்து கொண்டைக்கடலைக்கு எட்டுவது இதனால்தான். கரிசலில் மணிச்சத்து 22-க்கு மேல் இருந்தால், மேலும் போடுகிற உரத்துக்கு விளைச்சல் அசையாமல் நிற்பதற்கும் இது ஒரு காரணம். அந்தக் காட்டுக்காரர்கள் துணிந்து இந்த வழிக்கு வரலாம். கந்தகம் குறைவாக இருந்தால் ஜிப்சம் மட்டும் போடுங்கள்.

ஆனால் உயிர் உரப் பொட்டலத்தை எப்படி வாங்குகிறோம் என்பதில் எல்லாமே இருக்கிறது. ரைசோபியம் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. கொண்டைக்கடலையின் வேரில் முடிச்சு கட்டும் ரைசோபியம் தனி இனம். உளுந்துக்கும் நிலக்கடலைக்கும் ஆன பொட்டலம் இங்கே வேலை செய்யாது. பொட்டலத்தில் பயிர்ப் பெயரையும் காலாவதித் தேதியையும் பார்த்து வாங்குங்கள். வெயிலில் அடுக்கி வைத்திருக்கிற கடையில் வாங்காதீர்கள். சூட்டில் உயிர் போன பொட்டலம் வெறும் கரித்தூள்தான். முன்பு ஒருபோதும் கொண்டைக்கடலை போடாத காட்டில், அந்த இனம் மண்ணில் இல்லாமலே இருக்கலாம். அங்கே இந்த ஒரு பொட்டலம் ஒரு மூட்டை உரத்தைவிடப் பெரிது. ஆண்டுதோறும் கொண்டைக்கடலை விளைகிற காட்டில் மண்ணிலேயே அது இருக்கும். பலன் குறைவாகவே தெரியும்.

பயன்படுத்துவது எளிது: ஆறிய கஞ்சியில் ரைசோபியத்தையும், மணிச்சத்தைக் கரைக்கிற பாஸ்போபாக்டீரியாவையும் கரைத்து விதைமேல் தடவி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே விதைக்க வேண்டும். வாடல் நோய்க்குப் பூஞ்சாணக் கொல்லி மருந்து கலப்பதென்றால் அதை முதலில் செய்து, ஒரு நாள் விட்டு உயிர் உரம் கலவுங்கள்.

செலவு பற்றியும் பேச வேண்டும். பொட்டலம் மலிவு. ஆனால் இந்த வழியில் போகிறவர்கள் தொழுவுரத்தையும் சேர்த்தே நினைக்கிறார்கள். ஏக்கருக்கு ஐந்து டன் தொழுவுரத்தை இன்றைக்கு விலைக்கு வாங்கி, வண்டி வைத்து, ஆள் வைத்துச் சிதறினால் மூன்று மூட்டைகளையும்விட அதிகம் ஆகும். சொந்த மாடு உள்ளவருக்கு மட்டுமே இது சிக்கனமான வழி. மணிச்சத்து 11-க்குக் கீழே உள்ள மண்ணில் பாஸ்போபாக்டீரியாவை மட்டும் நம்புவதும் சரியில்லை. மண்ணில் இருப்பதைக் கரைக்கத்தான் அதனால் முடியும். ராக் பாஸ்பேட்டும் நம் கார மண்ணுக்கு உதவாது. அது கரைய அமில மண் வேண்டும். நீலகிரி போன்ற இடத்துக்குச் சரி.

எப்போது இது சரி: மணிச்சத்து 'அதிகம்' என்று அட்டை சொல்கிற கரிசலில், எந்தத் தயக்கமும் இல்லாமல். மணிச்சத்து நடுத்தரம் என்றால் பரிந்துரையில் பாதிச் சூப்பரோடு உயிர் உரத்தைச் சேர்த்துப் போடுவது என் தேர்வு. மணிச்சத்து குறைவு என்றால் உயிர் உரம் துணை மட்டுமே.

## எதைத் தேர்ந்தெடுத்தாலும் சேர வேண்டியவை

பூக்கும் பருவத்தில் இலைவழியாக 2 சதவீத டிஏபி கரைசலை இரண்டு முறை பதினைந்து நாள் இடைவெளியில் தெளிப்பது, அல்லது பல்கலைக்கழகத்தின் 'பயறு ஒண்டர்' என்ற சத்துக் கலவையை ஏக்கருக்கு 2 கிலோ என்று தெளிப்பது, அடியுரம் எதுவாக இருந்தாலும் பலன் தரும். மேல்மண் காய்ந்து வேர் சத்தெடுக்கத் திணறுகிற நேரம் அது.

துத்தநாகம் கரிசலில் அடிக்கடி குறையும். அட்டை குறைவு என்று சொன்னால் இறவையில் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் போடலாம். அதைச் சூப்பரோடோ டிஏபியோடோ கலக்காமல் தனியாக மணலில் கலந்து தூவுங்கள். மணிச்சத்தோடு சேர்ந்தால் இரண்டும் கட்டுண்டுவிடும்.

சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) கிடக்கிற காட்டில், மழை தேங்கிய பிறகு இளம் இலைகள் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. தழைச்சத்துக் குறை என்று நினைத்து யூரியா தூவாதீர்கள். தழைச்சத்துக் குறை என்றால் வெளுப்பு கீழ் இலையிலிருந்து தொடங்கும்.

## இந்த ஆண்டே சோதித்துப் பார்க்க

தேர்ந்தெடுத்த வழி சரிதானா என்பதை உங்கள் காடே சொல்லும்படி செய்யலாம். விதைக்கும்போது ஒரு பட்டை, பத்துச் சால் அளவுக்கு, அடியுரம் இல்லாமல் விடுங்கள். உயிர் உரம் மட்டும் இருக்கட்டும். இரண்டு முனையிலும் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள்.

முப்பத்தைந்து, நாற்பது நாளில் இரண்டு பக்கத்திலிருந்தும் ஐந்தாறு செடிகளை மண்வெட்டியால் மண்ணோடு தோண்டி எடுத்து, தண்ணீரில் அலசிப் பாருங்கள். கையால் பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்துவிடும். முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அதுதான் வேலை செய்கிற முடிச்சு. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் தழைச்சத்து காற்றிலிருந்து வரவில்லை. உரம் போட்ட பக்கத்தில் முடிச்சு குறைந்தும், போடாத பக்கத்தில் நிறைந்தும் இருந்தால் அடுத்த ஆண்டு தழைச்சத்தைக் குறையுங்கள். இரண்டு பக்கமும் முடிச்சே இல்லை என்றால் பொட்டலத்தை மாற்றுங்கள்.

அறுவடையில் அந்தப் பத்துச் சாலையும், பக்கத்தில் உரம் போட்ட பத்துச் சாலையும் தனித்தனியாக அறுத்து, களத்தில் கலப்பதற்கு முன்னால் தனித்தனியே தட்டி எடைபோடுங்கள். எடை வித்தியாசத்தை அன்றைய கடலை விலையால் பெருக்கி, அந்தப் பத்துச் சாலுக்கு ஆன உரச் செலவோடும் கூலியோடும் ஒப்பிடுங்கள். எழுதி மண்வள அட்டையோடு சேர்த்து வையுங்கள். அடுத்த ஐப்பசியில் கடைக்குப் போகும்போது இரண்டையும் எடுத்துப் போங்கள்.